‘டுக் டுக்’ என்று சொன்னது யார்?

அக்குறணையில் யாரும் த்ரீவீலை ‘டுக் டுக்’ என்று கூப்பிடுவதில்லை. ஏழாம் கட்டைக்குப் போக வேண்டுமென்றால் "ஒரு த்ரீவீல் பிடிங்க" என்போம். பத்திரிகையில் அது ‘முச்சக்கர வண்டி’. யாழ்ப்பாணத்துக் கூட்டாளிமார் ‘ஆட்டோ’ என்பார்கள். சிங்களத்தில் பேச்சுக்கு த்ரீவீல், எழுத்துக்கு ‘த்ரிரோத ரதய’. ஆனால் கண்டியிலிருந்து தம்புள்ளை, சீகிரியா பார்க்கப் போகிற வெளிநாட்டுக்காரர்கள் பெரும்பாலும் ஏ9 வீதியில், எங்கள் ஊருக்குள்ளால்தான் போகிறார்கள். அவர்களுடைய வாயில் அது எப்போதும் ‘டுக் டுக்’தான். அவர்களைக் கூப்பிட்டு ஏற்றுவதற்காக எங்கள் ஆட்களும் "டுக் டுக், சேர்?" என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டுத் திரும்பி, பக்கத்தில் இருக்கிறவரிடம் "த்ரீவீலைக் கொஞ்சம் முன்னுக்கு எடுங்க" என்கிறார்கள். ஒரே நிமிஷத்தில் ஒரே வண்டிக்கு ரெண்டு பேர்.

இந்தச் சொல்லை நாங்கள் கொஞ்ச நாளாகத் துரத்திக்கொண்டிருக்கிறோம். பேராதனையில் மொழியியல் வகுப்பில் ஒலிக்குறிப்புச் சொற்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது எல்லாரும் நாயும் பூனையும்தான் சொன்னார்கள். எங்களுக்கு உடனே ஞாபகம் வந்தது கலஹா சந்தியில் வரிசையாக நிற்கிற த்ரீவீல்கள். உலகம் முழுக்கச் சுற்றுகிற ஒரு சத்தச் சொல் எங்கள் வாசலிலேயே நிற்கிறது. ஆனால் அது எங்கள் காதில் விழுந்த சத்தம் இல்லை. அப்படியென்றால் யாருடைய காதில் விழுந்தது?

ஆங்கில அகராதிகளைத் திறந்தால் பதில் சுருக்கமாகக் கிடைக்கும். பொருள்: மூன்று சக்கரமுள்ள வாடகை மோட்டார் வண்டி. பிறப்பு: சத்தத்தைப் போலச் செய்தது. ஊர்: தாய்லாந்து. ஜப்பானின் டைஹட்சு கம்பனி 1957இல் ‘மிஜெட்’ என்று ஒரு சின்ன மூன்று சக்கர வண்டியை வெளியிட்டது. ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் எஞ்சின். ஒடுக்கமான தெருக்களில் சாமான் ஏற்றச் செய்த வண்டி அது. பாங்கொக்குக்குப் போனபிறகு பின்பக்கத்தில் சீட் போட்டு ஆள் ஏற்றத் தொடங்கினார்கள். அந்த எஞ்சின் போடுகிற சத்தம்தான் ‘துக் துக்’. ஆங்கிலம் பேசுகிற பயணிகள் அதைக் காதில் வாங்கி, தங்கள் நாக்குக்கு ஏற்றமாதிரி ஆக்கி, போகிற நாடெல்லாம் கொண்டுபோனார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தாய்லாந்து மொழியில் இந்த வகை வண்டிக்கு முதலில் இருந்த பெயர் ‘ஸாம் லோ’. ஸாம் என்றால் மூன்று, லோ என்றால் சக்கரம். மிதிக்கிற ரிக்‌ஷாவுக்கு அந்தப் பெயர் இருந்தது, எஞ்சின் வந்ததும் ‘எஞ்சின் ஸாம் லோ’ ஆனது. அதாவது அவர்களும் எங்களைப் போலவே த்ரீவீல் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். உலகத்துக்கு ஏற்றுமதியானது மட்டும் சத்தம்.

சத்தத்தைப் பற்றி ஒரு சின்ன விளக்கம். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் உள்ளே இருக்கிற அச்சு ஒவ்வொரு முறை சுழலும்போதும் ஒருதரம் வெடிக்கும். இப்போது ஓடுகிற ஃபோர் ஸ்ட்ரோக்கில் ரெண்டு சுழற்சிக்கு ஒருதரம்தான். டூ ஸ்ட்ரோக்கில் பெற்றோலோடு ஒயிலும் சேர்ந்து எரியும். அதனால்தான் பழைய த்ரீவீல் பின்னால் பஸ்ஸில் போனால் நீலப் புகை முகத்தில் அடிக்கும். அந்தத் துண்டு துண்டான வெடிச் சத்தத்தைத்தான் ஒவ்வொரு ஊர்க் காதும் ஒவ்வொரு மாதிரி எழுதி வைத்தது. ஹொண்டா கம்பனி 1947இல் சைக்கிளில் பூட்டுகிறமாதிரி ஒரு குட்டி எஞ்சின் விற்றது. ஜப்பான்காரர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் ‘பட்ட பட்ட’. டில்லியில் பழைய ஹார்லி டேவிட்சன் மோட்டார்சைக்கிளை வைத்துச் செய்த பெரிய ரிக்‌ஷாக்கள் ஓடின, அவற்றின் பெயர் ‘ஃபட்ஃபட்டி’. எல்லாமே எஞ்சின்தான். பாங்கொக்கில் துக் துக், டோக்கியோவில் பட்ட பட்ட, டில்லியில் ஃபட் ஃபட்.

எல்லா ஊரும் சத்தத்தை வைத்துப் பெயர் வைத்ததா என்றால் அதுவும் இல்லை. இந்தோனேசியாவில் இந்த வண்டி ‘பஜாஜ்’. தன்சானியாவில் ‘பஜாஜி’. கம்பனியின் பெயரே வண்டியின் பெயர். பாகிஸ்தானில் ஒருவகை வண்டிக்குச் சீனக் கம்பனி ஒன்றின் பெயரால் ‘சிங்சி’. நைஜீரியாவில் ‘கெகே நபெப்’, அதில் நபெப் என்பது அந்நாட்டு அரசின் வறுமை ஒழிப்புத் திட்டத்தின் சுருக்கப் பெயர். இத்தாலியின் பியாஜியோ கம்பனி 1940களின் கடைசியில் செய்த மூன்று சக்கர வண்டியின் பெயர் ‘ஆப்பே’, அதாவது தேனீ. அவர்களுடைய ஸ்கூட்டர் ‘வெஸ்பா’, அதாவது குளவி. இந்தியாவின் பஜாஜ் அந்தக் கம்பனியின் அனுமதியோடு வெஸ்பா செய்யத் தொடங்கித்தான் வளர்ந்தது. எங்கள் வீதியில் ஓடுகிற பஜாஜ் த்ரீவீலின் வம்சத்தைத் தேடிப் போனால் மேலே ஒரு பூச்சிக் குடும்பம் இருக்கிறது.

ஆக ஒரு வண்டிக்குப் பெயர் வைக்கிறவர் அதில் எதைக் கவனித்தார் என்பதைப் பெயரே காட்டிக்கொடுக்கிறது. எண்ணியவர் த்ரீவீல் என்றார். வாங்கியவர் பஜாஜ் என்றார். பக்கத்தில் நின்று கேட்டவர் டுக் டுக் என்றார்.

சத்தத்தைப் போலச் செய்த சொல்லில் மொழி தலையிடாது, காதில் விழுந்ததை அப்படியே சொல்கிறோம் என்று நினைப்போம். கண்டியில் வளர்ந்தவர்களுக்கு இது பொய் என்று சின்ன வயதிலேயே தெரியும். ஒரே நாய் தமிழில் ‘லொள் லொள்’, சிங்களத்தில் ‘புஹ் புஹ்’, இங்கிலிஷ் புத்தகத்தில் ‘பவ் வவ்’. சிங்கள மாடு ‘உம்பே’ என்கிறது, இங்கிலிஷ் மாடு ‘மூ’ என்கிறது, தமிழ் மாடு மட்டும் ‘ம்மா’ என்று உம்மாவைக் கூப்பிடுகிறது. சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கையான தொடர்பு எதுவும் இல்லை என்று சொன்ன ஃபெர்டினாண்ட் த சொசூருக்கு ஒலிக்குறிப்புச் சொற்கள் ஒரு தொல்லையாக வந்தன. அவர் இறந்தபிறகு 1916இல் வெளியான அவருடைய பாடத் தொகுப்பில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. அப்படிப்பட்ட சொற்கள் கொஞ்சம்தான், அவையும் அந்தந்த மொழியின் பழக்கத்துக்குள் வந்தபிறகுதான் சொல்லாகின்றன என்பது அதன் சாரம். நாய் ஒன்றுதான், கேட்கிற காதுக்குப் பள்ளிக்கூடம் வேறு வேறு.

தமிழ்க் காது எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தது? ஓ லெவலில் இரட்டைக்கிளவி, அடுக்குத்தொடர் வேறுபாடு எழுதாதவர் எங்களில் யாருமில்லை. ‘வா வா’ என்பதைப் பிரித்தாலும் ‘வா’வுக்கு அர்த்தம் இருக்கும், அது அடுக்குத்தொடர். ‘சலசல’வைப் பிரித்தால் ‘சல’வுக்கு ஒன்றுமில்லை, அது இரட்டைக்கிளவி. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்திலேயே இந்த விதி இருக்கிறது. இன்னொரு விதியும் படித்திருப்போம்: தமிழ்ச் சொல் ‘ட’ வரிசையில் தொடங்காது. ஆனால் டமார், டக்கென்று, டும் டும், டொக் டொக் எல்லாம் தினமும் வாயில் வருகிறது. இலக்கணம் கதவை மூடி வைத்திருந்தாலும் சத்தம் ஜன்னலால் உள்ளே வந்துவிடுகிறது. அப்படிப் பார்த்தால் டுக் டுக் எங்கள் மொழிக்குள் வருவதற்குத் தடை எதுவும் இருக்கவில்லை. டொக் டொக்குக்குப் பக்கத்தில் வசதியாக உட்கார்ந்திருக்கலாம். ஆனாலும் ஊரில் அது ஒட்டவில்லை. ஒழுங்கையில் விளையாடுகிற சின்னப் பிள்ளைகளைக் கவனியுங்கள். ரெண்டு கையையும் ஹேண்டில் மாதிரிப் பிடித்துக்கொண்டு ஓடும்போது அவர்கள் போடுகிற சத்தம் ‘டுர்ர்ர்ர்’. ஒரு பிள்ளைகூட டுக் டுக் என்று ஓடி நாங்கள் பார்த்ததில்லை.

காரணம் சின்னதுதான் என்று நினைக்கிறோம். டுக் டுக் என்பது வீதியோரத்தில் நிற்கிறவருக்கு, வண்டி நின்ற இடத்தில் உறுமும்போது கேட்கிற சத்தம். பிள்ளை விளையாடும்போது வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை, வண்டியை ஓட்டுகிறது.

அப்போ நிஜமாக ஓட்டுகிறவருக்கு என்ன கேட்கிறது?

எங்களில் ஒருத்தருடைய வாப்பா 20 வருஷத்துக்கு மேலாகத் த்ரீவீல் ஓடுகிறவர். லீசிங் எடுத்து வாங்கி, கட்டி முடித்து, விற்று, திரும்ப எடுத்து, இப்போது மூன்றாவது வண்டி. அவரிடம் போய் "வாப்பா, உங்களுக்கு இது டுக் டுக் என்டு கேக்குதா?" என்று கேட்டோம். சிரித்தார். "அது வெள்ளக்காரனுக்கு. எனக்கு ஒரு சத்தமா கேக்குது?" என்றார். பிறகு சொல்லத் தொடங்கினார், நாங்கள் ஃபோனில் எழுதிக்கொண்டோம்.

காலையில் சாவியைத் திருப்பும்போது ‘கிர்ர், கிர்ர்’ என்று இழுத்தால் பெட்டரி போகப்போகிறது. ஏற்றத்தில் சத்தம் விட்டு விட்டு வந்தால் ‘மிஸ் அடிக்குது’, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேணும். ‘பட பட’ என்று பெரிசாக வந்தால் சைலன்சரில் ஓட்டை, கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். பிரேக் ‘கீச்’ என்றால் லைனர் தேய்ந்துவிட்டது, தாக்குப்பிடிக்கக் கூடாது. எஞ்சினுக்குள்ளே ‘டொக் டொக்’ என்று தட்டினால் பாஸிடம் கொண்டுபோய் எஞ்சினைத் திறக்க வேணும், அந்த மாதம் வீட்டில் யாருக்கும் உடுப்பு இல்லை. "சத்தம் சரியில்லாம ஈக்கிது என்டா ராவைக்குத் தூக்கம் வராது மகன்" என்றார்.

நாங்கள் எண்ணிப் பார்த்தோம். ஒரு வண்டிக்கு அவரிடம் ஐந்து ஒலிக்குறிப்புகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணமும் ஒரு செலவும் இருந்தது. டுக் டுக் என்பது கடந்துபோகிறவர் எழுதிய சுருக்கம். கூடவே வாழ்கிறவருக்குச் சுருக்கம் கட்டுப்படியாகாது. எங்கள் ஊரில் சாதிக்காயும் மிளகும் காய்ந்துவிட்டதா என்று குலுக்கிப் பார்த்துச் சொல்கிற மூத்தவர்களையும், ‘பிங்கா ஓயா இரையுது’ என்று சொல்லிவிட்டு டவுன் கடையில் சாமானை மேல் தட்டுக்கு ஏற்றுகிற முதலாளிமாரையும் பார்த்தால் இது புரியும். சத்தச் சொல்லைப் பள்ளியில் கவிதைக்கு அழகு சேர்க்கிற விஷயமாகத்தான் படித்தோம். இவர்களிடம் அது வேலை செய்கிற அறிவாக இருக்கிறது.

சத்தம் இல்லாமல் போன நாட்களையும் சொல்ல வேண்டும்.

2018 மார்ச்சில் தெல்தெனிய, திகனப் பக்கம் தொடங்கிய முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை அக்குறணைக்கும் வந்தது. ஊரடங்குச் சட்டம். நாங்கள் அப்போது ஸ்கூல் பிள்ளைகள். லைட்டை அணைத்துவிட்டு உள்ளே இருக்கும்போது தூரத்தில் ஒரு த்ரீவீல் கேட்டால் வீட்டில் எல்லாரும் பேச்சை நிறுத்துவார்கள். மேலே வருகிறதா, மெயின் ரோட்டாலேயே போகிறதா, நிற்கிறதா என்று காதுதான் பார்த்தது. 2020 மார்ச் கடைசியில் கொரோனாவுக்காக ஊரை முழுதாக மூடியபோது ஏ9 வீதியில் காகம் கத்துவது வீட்டுக்குள் கேட்டது. 2022இல் பெற்றோல் ஷெட்களுக்கு முன்னால் கிலோமீட்டர் கணக்கில் வரிசை. ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது முதலில் ஒரு த்ரீவீலுக்கு வாரம் 5 லீட்டர். அதற்கு முந்திய வாரங்களில் வரிசை நகரும்போது யாரும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவில்லை. இருக்கிற சொட்டை மிச்சம் பிடிக்க இறங்கித் தள்ளினார்கள். அந்த வாப்பா ரெண்டு நாள் தள்ளினார்.

ஆட்டோ ரிக்‌ஷாவில் இருக்கிற ‘ரிக்‌ஷா’ எங்கிருந்து வந்தது என்று தேடியபோது அந்த வரிசைதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது. ஜப்பானில் 1869 அளவில் வந்த கைவண்டியின் பெயர் ‘ஜின்ரிகிஷா’. ஜின் என்றால் மனுஷன், ரிகி என்றால் பலம், ஷா என்றால் வண்டி. மனுஷ பலத்தில் ஓடுகிற வண்டி. ஆங்கிலம் அதைச் சுருக்கியபோது முதலில் வெட்டியது ‘ஜின்’னை, அதாவது மனுஷனை. மிச்சம் இருந்தது பலமும் வண்டியும். பிறகு ஆட்டோ வந்தது, த்ரீவீல் வந்தது, டுக் டுக் வந்தது. எந்தப் பெயரிலும் மனுஷன் திரும்பி வரவில்லை. 2022 வரிசையில் மட்டும் பழைய சொல் முழு அர்த்தத்தோடு வீதியில் நின்றது.

சத்தத்தால் பெயர் வாங்கிய இன்னொரு த்ரீவீலும் எங்களிடம் இருக்கிறது. அந்தப் பெயரை நாங்களே வைத்தோம். சூன் பாண். ‘சூன்’ ஆங்கிலத்து ட்யூனிலிருந்து வந்தது, ‘பாண்’ போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. அஸருக்குப் பிறகு ஒழுங்கைக்குள் அந்த இசை கேட்டால் பிள்ளைகள் சில்லறையோடு கேட்டுக்கு ஓடுவார்கள். அது 1810இல் பீத்தோவன் எழுதிய ‘ஃபூர் எலீஸ்’. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அது மாலு பணிஸின் பாட்டு. டுக் டுக்குக்கும் சூன் பாணுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. முதலாவது தற்செயலாகக் காதில் விழுந்தது. ரெண்டாவதை நாங்கள் காத்திருந்து கேட்கிறோம், ஓட்டுகிறவரும் எங்களுக்குக் கேட்க வேண்டுமென்றே போடுகிறார்.

டுக் டுக்கை யார் சொல்கிறார் என்பதும் முக்கியம். வெளிநாட்டுக்காரர் சொன்னால் அதில் ஒரு ஹயர் இருக்கிறது, அந்த நாளின் செலவு இருக்கிறது. வாப்பாமார் யாரும் அதற்குக் கோபிப்பதில்லை. இப்போது சில பயணிகள் வண்டியை வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டிக்கொண்டும் போகிறார்கள், கையசைத்தால் எங்கள் பிள்ளைகளும் கையசைக்கிறார்கள். ஆனால் எங்கள் ஆட்களே, படித்த வாயால், ஒருத்தரைப் பற்றி "அவன்ட வாப்பா டுக் டுக் காரன்" என்று சொல்லும்போது அதே சொல் வேறொன்றாகிறது. த்ரீவீல் ஓடுறவர் என்று சொன்னால் தொழில். டுக் டுக் காரன் என்று சொன்னால் பொம்மை. நாட்டில் பதிவான முச்சக்கர வண்டிகள் 11 இலட்சத்துக்கு மேல். இருபது பேருக்கு ஒன்று என்ற கணக்கில் வருகிறது. எங்களுடைய பெட்ச்சிலும் அந்த வருமானத்தில் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லைப் பாவிக்கக் கூடாது என்று சட்டம் போட நாங்கள் வரவில்லை. யாருடைய வாயிலிருந்து எடுத்து யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்று ஒருதரம் யோசித்தால் போதும்.

மொழி எப்படியும் தன் பாட்டில் நகர்ந்துகொண்டிருக்கிறது. 2015இல் தொடங்கிய பிக்மி செயலியைத் திறந்தால் கார், வேனுக்குப் பக்கத்தில் ‘டுக்’ என்று ஒன்று இருக்கும். ஒரே ஒரு டுக். கண்டி டவுனில் எங்கள் வயதுக்காரர்கள் "ஒரு டுக் போடு மச்சான்" என்கிறார்கள். பிரித்தால் அர்த்தம் தராது என்று பரீட்சையில் எழுதிய இரட்டைக்கிளவி ஃபோன் திரையில் பாதியாக உடைந்து, அர்த்தத்தோடு நிற்கிறது. சத்தம் என்ற ஞாபகமே போய் அது சாதாரணப் பெயர்ச்சொல் ஆகிவிட்டது.

ஞாபகம் போவதற்கு நியாயமும் இருக்கிறது. 2000களின் பிற்பகுதியில் புகை காரணமாக டூ ஸ்ட்ரோக் த்ரீவீல் இறக்குமதியை இலங்கை நிறுத்தியது. பிறகு வந்ததெல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக், வேறு சத்தம். இப்போது மின்சாரத்துக்கு மாற்றுகிற பேச்சு நடக்கிறது, பெற்றோல் விலையைப் பார்த்தால் அது வரத்தான் வேண்டும். அந்த வண்டி கிட்டத்தட்டச் சத்தமே போடாது. அப்போதும் வெளிநாட்டுக்காரர் அதை டுக் டுக் என்றுதான் கூப்பிடுவார்.

இதையும் அந்த வாப்பாவிடம் சொன்னோம். செலவு குறையுமே, புகையும் இல்லை, நல்லதுதானே என்று கேட்டோம். தலையாட்டினார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நல்லதுதான். ஆனா சத்தம் இல்லாட்டி அதுக்கு வருத்தம் என்டா நான் எப்பிடி அறிவன்?"